சிந்துவின் உயரம்: வரமும் வம்பும்

டென்னிஸில் நெடியவர்களுக்கு சர்வீஸே பாதி ஆட்டம். 2.08 மீட்டர் உயர அமெரிக்கர் ஜான் இஸ்னர், 2010 விம்பிள்டனில் மூன்று நாள் நீண்ட அந்த ஒரே ஆட்டத்தில் 113 ஏஸ் போட்டார். பாட்மின்டனில் இந்தச் சலுகை கிடையாது. ஆடுபவர் எவ்வளவு உயரமானாலும் சர்வீஸின்போது இறகுப்பந்து தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழேதான் மட்டையில் பட வேண்டும். ஹைதராபாத் பி.வி. சிந்துவின் 1.79 மீட்டர் உயரத்துக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான்.

பெற்றோர் இருவருமே வாலிபால் ஆட்டக்காரர்கள். உயரம் வீட்டுச் சொத்து. குணத்தில் மட்டும் சிந்து சாது. கச்சிபௌலி அகாடமியில் கோர்ட் நடுவே நிறுத்தி, கத்தினால்தான் மட்டையைத் தொடலாம் என்று பயிற்சியாளர் கோபிசந்த் கறார் காட்டிய கதை பிரபலம்.

எதிராளி இறகைச் சற்றே குறைவாகத் தூக்கிவிட்டால் தொலைந்தார். கை முழுக்க நீண்ட உச்சியில் சிந்து அதைச் சந்திப்பதால் ஸ்மாஷ் சரேலென்று சரிந்து இறங்கும். குட்டையானவர் அதே இடத்திலிருந்து அடித்தால், வலையைத் தாண்டவே இறகு தட்டையாகப் போக வேண்டியிருக்கும். அதே கைவீச்சில் கடைசி நொடியில் வேகத்தைக் குறைத்து டிராப் போட்டால், பின்னால் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம்.

வம்பும் அந்த உடம்பில்தான். நீண்ட கைக்கு எட்டாத மூலை குறைவு; ஆனால் இடுப்பை ஒட்டி நேராக வரும் இறகுக்கு அதே கை இடைஞ்சல். வலையோரம் தாழ்ந்து விழுவதை எடுக்கக் குனிந்து, அடுத்த அடிக்குள் நிமிர்ந்து பின்னால் ஓடவும் வேண்டும்.

2017 கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் நொஸோமி ஒகுஹாரா இதைத்தான் குறிவைத்தார். சிந்துவைவிட ஏறக்குறைய முக்கால் அடி குறைவான உயரம், சலிக்காத கால்கள். இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் 73 அடிகள். அதை வென்றவர் சிந்து. 110 நிமிடம் ஓடிய ஆட்டத்தை 19-21, 22-20, 20-22 என்று பறிகொடுத்தவரும் அவரே. ஒகுஹாராவுக்குப் பிடித்த ஆட்டத்தை ஒகுஹாராவோடு ஆடியதற்கான விலை அது.

2019 ஆகஸ்ட் 25, பாசெல். அதே எதிராளி, அதே இறுதி. 21-7, 21-7, 38 நிமிடத்தில் ஆட்டம் காலி. கொரியப் பயிற்சியாளர் கிம் ஜி ஹியூனிடம் வலையோர ஆட்டத்தை மெருகேற்றி வந்திருந்த சிந்து, இம்முறை ராலியை வளரவிடவே இல்லை. ஸ்மாஷ் அடித்த கையோடு முன்னால் பாய்ந்து, திரும்பி வரும் இறகை வலை உயரத்திலேயே மடக்கினார். தாழவிட்டால்தானே குனிய வேண்டும்! பாட்மின்டனில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் அப்படித்தான் கிடைத்தார்.

ஆனால் முன்னால் பாய கால் வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனாவின் ஹி பிங்ஜியாவோவை 21-13, 21-15 என்று நொறுக்கினார். 2024 பாரிஸில் அதே பிங்ஜியாவோ 21-19, 21-14 என்று திருப்பிக் கொடுத்தபோது சிந்துவுக்கு வயது 29. கை எட்டும் உயரம் அப்படியேதான் இருந்தது.