கைப்பிடியும் பிறப்பிடமும்

இடைக்காலத் தொடக்கத்து ஐரோப்பிய வாள் ஒன்று துருவேறிக் கைக்கு வந்தால், அதன் குமிழையும் கைக்காவலையும் கண்ட மாத்திரத்தில் இது நார்வே நாட்டது, இது இங்கிலாந்து நாட்டது என்று விளக்கச் சீட்டிலும் ஏலப் பட்டியலிலும் ஐயமற எழுதிவிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆதாரம் கேட்டால், நார்வேயின் வைக்கிங் வாள்களைப் பற்றி யான் பீட்டர்சன் 1919-இல் வெளியிட்ட நூலைக் காட்டுகிறார்கள்.

அந்நூலின் பெருமையை நான் மறுக்கவில்லை. கைப்பிடியின் உருவங்களுக்கு எழுத்துக்களால் பெயரிட்டு, கல்லறைகளில் உடன்கிடைத்த பொருள்களோடு ஒப்பிட்டுக் காலவரிசை கண்டது அரிய உழைப்பு. ஆனால் காலத்தைக் காட்டும் குறியே இடத்தையும் காட்டும் என்று கொள்வது பெரும் பிழை.

வாள் ஒரே பட்டறையில் முழுதாகப் பிறந்தாக வேண்டும் என்பதில்லை. அலகின் அடியில் நீளும் இரும்புத் தண்டில் கைக்காவலைக் கோத்து, மரப்பிடியைச் செருகி, மேற்காவலை ஏற்றி, தண்டின் நுனியைத் தட்டி மடக்கினால் கைப்பிடி அமைந்துவிடும். மடக்கியதை அராவினால் கழன்றும்விடும். அயர்லாந்தின் பாலின்டெரியில் 1928-இல் கிடைத்த வாளின் அலகில் உல்ஃப்பெர்ட் என்ற பெயரும், கைப்பிடியில் ஹில்டிப்ரெக்ட் என்ற வேறொரு பெயரும் பொறித்திருக்கின்றன. உக்ரைன் நாட்டுப் பொல்தாவா வட்டாரத்து வாள் ஒன்றையோ, கைப்பிடியில் படர்ந்த ஸ்காந்திநேவியச் சித்திர வேலையை நம்பி வடவர் படைப்பென்றே கருதியிருந்தார்கள். சோவியத் தொல்லியலாளர் கிர்பிச்னிகோவ் அலகைத் துலக்கியபோது சிரிலிக் எழுத்தில் கொல்லன் ஒருவனுடைய பெயர் வெளிப்பட்டது. இதனினும் வலிய பிரமாணம் வேறென்ன வேண்டும்?

ஒரு வகை நார்வேயில் மிகுதியாகக் கிடைப்பதால் அது அந்நாட்டுப் படைப்பே என்னும் வாதமும் நில்லாது. பழைய சமயத்தைப் பற்றியிருந்த நார்வேயினர் மாண்டவரோடு வாளையும் புதைத்தார்கள். கிறிஸ்தவம் தழுவிய ஃபிராங்கியர் அவ்வழக்கத்தைக் கைவிட்டார்கள். ஆகவே கண்டெடுப்புகளைக் குறித்த வரைபடம் புதைத்தவர் ஊரைக் காட்டுமே அன்றி, அடித்தவர் ஊரைக் காட்டாது. ஆயுதங்கள் அயலாரிடம் சேராதபடி ஃபிராங்கியப் பேரரசர் சார்லமேன் 805-இலும், அவர் பேரன் வழுக்கைச் சார்லஸ் 864-இலும் தடை விதிக்க நேர்ந்ததே, அலகுகள் ஓயாமல் எல்லை கடந்தன என்பதற்குச் சாட்சி.

கைப்பிடி சொல்வதெல்லாம், வாளைக் கடைசியாகப் பூட்டியவனின் பழக்கத்தையும் ஏந்தியவனின் ருசியையும்தான். அலகைத் துலக்காமல், எக்ஸ்ரே கொண்டு பாராமல், குமிழை மட்டும் நோக்கிப் பிறப்பிடம் எழுதுவது அனுமானத்தை ஆராய்ச்சி என்று பெயரிட்டு அழைப்பதாகும். சீட்டில் அலகுக்கு ஒரு வரியும் கைப்பிடிக்கு ஒரு வரியும் தனித்தனியே எழுதும் நாள் வரும்வரை, அந்த ஊர்ப்பெயர்களை நாம் நம்ப வேண்டியதில்லை.