தெப்பத்து மடவை

உப்பளத்துத் தெப்பத்தில் பிடித்த மடவைக்கும் குழம்பில் உப்புப் போட்டுத்தான் ஆகவேண்டும். கடல்நீரைவிட இரண்டு மடங்கு கரிக்கும் தண்ணீரில் வளர்ந்த மீன் அது. வரப்பில் எடுத்துப் போட்டுச் சற்று நேரம் வெயில் பட்டால் அதன் செதில்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். நாள் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆனாலும் செதில் சீவி, அலசி, சட்டியில் போட்டால் சதை சப்பென்றுதான் இருக்கும். எங்கள் ஆச்சி கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போடும்போது, "உப்புத் தண்ணியில கிடந்த மீனுக்கு எதுக்கு ஆச்சி உப்பு?" என்று கேட்டால், "தண்ணிதான்ல உப்பு, மீனு உப்பா?" என்பாள்.

அந்தப் பதிலின் நுட்பம் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கியது. எலும்புள்ள மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள உப்பு மீனின் உடம்பிலிருந்து நீரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இழந்த நீரை ஈடுகட்ட மீன் மேலும் மேலும் உப்புத்தண்ணீரைக் குடிக்க வேண்டியிருக்கிறது. குடித்ததில் நீரை மட்டும் உடம்பில் நிறுத்திக்கொண்டு, உப்பைச் செவுளில் உள்ள தனி உயிரணுக்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. தண்ணீர் கெட்டிப்படக் கெட்டிப்பட இந்த வேலையும் கூடுகிறது. உப்பையும் தண்ணீரையும் பிரிப்பதற்காக நாங்கள் வெயிலையும் காற்றையும் நம்பி ஏக்கர் கணக்கில் பாத்தி கட்டியிருந்தோம். அதே பிரிப்பு அந்தப் பாத்திகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சாண் மீனின் செவுளுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு வழியாகப் போகிறவர்கள் பாத்திகளையும், பனையோலை போர்த்திய உப்பு அம்பாரங்களையும் பார்த்திருப்பார்கள். அவை உப்பளத்தின் கடைசிப் பகுதி. தண்ணீர் அதற்கு முன்னால் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கும். கடலோடையிலிருந்து பம்பு வைத்து ஏற்றிய நீர் முதலில் தெப்பம் என்னும் பெரிய தேக்கக் குளத்தில் நிற்கும். அங்கே இடுப்பளவு ஆழம் உண்டு. அதிலிருந்து மடை வழியே அடுத்த தெப்பம், அதற்கடுத்தது என்று இறங்கி இறங்கி, ஒவ்வொன்றிலும் சில நாள் வெயில் குடித்து, முழங்கால் ஆழம், கணுக்கால் ஆழம் என்று மெலிந்து, கடைசியில் பாத்தியில் வந்து விழும். ஓடையில் 3 டிகிரிக் கரிப்போடு ஏறிய தண்ணீர், 13, 14 டிகிரி ஆகும்போது தரையில் ஜிப்சத்தை ஊசி ஊசியாக இறக்கும். 24, 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் மிஞ்சுவது மக்னீசியம் ஏறிய கசப்புத் தண்ணீர். அதை வெளியே திறந்துவிட்டுவிடுவார்கள். விளைந்த உப்பில் ஒரு பங்கு சமையலறைக்குப் போகும், ஒரு பங்கு காஸ்டிக் சோடா ஆலைக்குப் போகும். ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் அப்படியொரு ஆலை இருக்கிறது.

எங்களுக்குப் பாத்தியைப் பற்றிக் கவலையில்லை. தெப்பம்தான் எங்கள் சீமை.

டிகிரி பார்ப்பதற்கு அளத்தில் ஒரு கண்ணாடிக்குழல் வைத்திருப்பார்கள். அடியில் ஈயம் கனக்கும், மேலே மெல்லிய கழுத்தில் கோடுகள் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எந்தக் கோடுவரை மூழ்குகிறதோ அதுதான் டிகிரி. இந்த அளவை வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர், ஆண்டு 1768. நல்ல தண்ணீரில் மூழ்கும் இடத்துக்கு 0 என்றும், நூற்றுக்கு 15 பங்கு உப்புக் கலந்த நீரில் மூழ்கும் இடத்துக்கு 15 என்றும் அவர் கோடு போட்டார். எங்களிடம் அந்தக் குழல் கிடையாது. ஆனால் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை இருந்தது. தங்கூசியில் கோத்து, கீழே ஒரு துளி ஈயம் கட்டி, முதல் தெப்பத்தில் போட்டால் தக்கை கழுத்தளவு மூழ்கி நிற்கும். அதே தூண்டிலை மூன்றாம் தெப்பத்தில் போட்டால் நகக்கண் அளவாவது எழும்பி நிற்கும். தண்டின் ஓரிடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருப்போம். அந்த நூல் முழுக்க நீருக்கு மேலே வந்துவிட்டால், இங்கே மடவை கிடைக்காது என்று எழுந்துவிடுவோம். போமேயின் குழலுக்கும் எங்கள் தக்கைக்கும் வேலை ஒன்றுதான். மீன் கடித்தால் எங்களுடையது உள்ளே போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அளத்துக் காவல் தாத்தாவுக்குத் தக்கையும் வேண்டாம், குழலும் வேண்டாம். விரலை நனைத்து நாக்கில் வைப்பார். வரப்பிலிருந்தே கூப்பிடுவார்: "ஏலே, அங்கன போட்டு என்னத்துக்கு? தண்ணி கட்டியாயிட்டு. மீனு நிக்காதுலே." அவர் சொன்ன தெப்பத்தில் மீன் நின்றதேயில்லை.

முதல் தெப்பம் கடலின் பிள்ளைகளுக்கு உரியது. பம்பு இழுக்கும்போது முட்டையும் குஞ்சுமாக உள்ளே வந்தவை அங்கேயே வளர்ந்துவிடும். கீச்சான் அதில் முரடு. மேலிருந்து பார்த்தால் முதுகில் மூன்று கறுப்பு வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்று. கையில் பிடித்தால் முனகும். செவுள் மூடியில் முள் இருப்பதால் எங்கே பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இறால் துண்டு வைத்தால் யோசிக்காமல் கடிக்கும்; தக்கை ஒரே இழுப்பில் காணாமல் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மீன் பெரும்பாலும் கீச்சான்தான்.

மடவை அப்படியில்லை. அதன் வாய் சின்னது, உதடு மெத்தென்றது. தரையிலுள்ள பாசியையும் சேற்றையும் வழித்துத் தின்று வாழும் மீனுக்கு முள்ளைக் கடிக்க என்ன அவசியம்? சேற்றை அரைப்பதற்கென்றே அதன் வயிற்றில் கோழிக்கு இருப்பது போன்ற தடித்த இரைப்பை உண்டு. மீன் அறுக்கும்போது ஆச்சி அதைத் தனியாக எடுத்து வைப்பாள். மடவைக்குக் கோதுமை மாவை நன்றாகப் பிசைந்து, பச்சைப்பயறு அளவுக்கு உருட்டி, முள்ளின் நுனி மட்டும் மறையும்படி வைக்க வேண்டும். பெரிதாக வைத்தால் சுற்றிச் சுற்றி வந்து உதட்டால் தட்டிக் கரைத்துவிடும். மடவை கடிக்கும்போது தக்கை மூழ்காது. லேசாகச் சாயும், சாய்ந்தபடி பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகரும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தண்ணீர் முழுக்கச் சிற்றலை. அலையின் ஆட்டத்திலிருந்து அந்த நகர்வைப் பிரித்தறிய வேண்டும். அலை தக்கையைத் தூக்கி இறக்கும், ஆனால் சாய்த்து வைத்துக் காத்திருக்காது. மடவை காத்திருக்கும். இந்தக் கணத்தைக் கண்டுகொள்ளத் தெரிந்தவனைத்தான் நாங்கள் மீன் பிடிக்கத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொள்வோம்.

பால்மீனைத் தூண்டிலில் பிடித்தவர்கள் எங்களில் குறைவு. கோடைத் தொடக்கத்தில் அதன் குஞ்சுகள் கண்ணாடித் துணுக்காக ஓடைக்குள் வரும். இரண்டு கண்ணும் ஒரு வயிறும்தான் தெரியும். சில மாதத்தில் தெப்பத்துப் பாசியை மேய்ந்து முழங்கை நீளம் ஆகிவிடும். தன் உடம்பு நீளத்துக்கு மேல் எம்பி, வெயிலில் ஒருதரம் வெள்ளியாக மின்னி விழும். அதை வீச்சுவலைக்காரர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

இரண்டாம், மூன்றாம் தெப்பங்களில் ஆட்சி திலேப்பியாவுடையது; எங்கள் ஊர்ப்பேச்சில் செலேபி. ஆப்பிரிக்காவின் கிழக்குக்கரை ஆறுகளிலிருந்து புறப்பட்டு, 1952இல் இந்தியா வந்த மீன். உள்ளூர் மீன்களுக்கு அது செய்த கெடுதலைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் உப்பைத் தாங்கும் அதன் திறத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. மற்றவை விலகிக்கொள்ளும் தண்ணீரில் அது குடும்பம் நடத்தும். ஆண் மீன் வாயால் சேற்றை அள்ளி ஒதுக்கி வட்டமாகக் குழி செய்யும். அந்த நாளில் அதன் உடம்பு கரி நிறத்துக்கு மாறும், தொண்டை வெளுக்கும், செட்டையின் ஓரம் சிவக்கும். தெளிந்த காலையில் வரப்பில் நின்றால் தரை முழுக்கக் குழிகளும், குழிக்கொரு கறுப்புக் காவலாளியும் தெரியும். முட்டைகளைப் பெண் மீன் வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடும். அந்த நாட்களில் தாய் இரை எடுப்பதில்லை. வாய் உப்பிய மீன் எப்படியோ வலையில் வந்துவிட்டால் காவல் தாத்தா எங்களைத் திட்டித் திரும்ப விடச் சொல்வார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த இடம் மடைவாய். மேல் தெப்பத்துத் தண்ணீர் இலேசு, கீழ்த் தெப்பத்தது கனம். பலகையைத் தூக்கியதும் இலேசான நீர் கனத்த நீருக்குள் இறங்காமல் அதன்மேல் விரிந்து படரும். இரண்டும் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் சேருமிடத்தில் ஒரு நடுக்கம் தெரியும். கோடை ரோட்டில் பார்க்கும் கானல் தண்ணீருக்குள் புகுந்துகொண்டாற்போல் அடித்தரையின் கோடுகள் நெளியும். உப்பு ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். அதனால் புதுத்தண்ணீர் வந்தவுடன் கீழ்த் தெப்பத்து மீன்கள் எல்லாம் அந்த மெல்லிய மேலடுக்குக்கு ஏறி வந்து, வாயை மடைக்கு நேராக வைத்து வரிசை கட்டும். அப்போது முள்ளை ஒரு சாணுக்குமேல் இறக்கக் கூடாது. ஆழமாக இறக்கினால் மீனில்லாத தண்ணீரில்தான் தொங்கும். பெரியவர்கள் ஆழத்தில்தான் பெரிய மீன் என்பார்கள். கடலுக்கு அது சரி, மடைவாய்க்குச் சரியில்லை.

உப்பு வாருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன் 2, 3 மணிக்கே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நாங்கள் தூண்டிலோடு வரும்போது அவர்களுடைய வேலை பாதிக்குமேல் முடிந்திருக்கும். உப்பின் ஒளியில் கூசிக் கூசிச் சிவந்த கண், வெடித்த பாதம். எங்கள் மீன் கோவையைப் பார்த்து, "மக்கா, அந்த ரெண்டு செலேபிய அக்காவுக்குக் குடுத்துட்டுப் போயேன்" என்று கேட்கிற அக்காவுக்கு மடவையாகப் பார்த்துக் கொடுப்போம். அந்த அக்காவின் கையில் மீனைவிட உப்புத்தான் அதிகம் தெரியும்.

மீன்கள் நின்றுவிடும் எல்லைக்கு அப்பால் தெப்பம் வெறுமையாகிவிடுவதில்லை. தரை ஜிப்ச ஊசியால் காலைக் கீறும் அந்தத் தண்ணீரில், ஒரு விரற்கடைகூட இல்லாத உப்புநீர் இறால்கள் மல்லாந்து நீந்தும். ஆர்ட்டீமியா என்பார்கள். பாசியை அவை மேய்ந்து தெளிய வைப்பதால் பாத்தியில் உப்பு வெளுப்பாக விளைகிறது. அவற்றைத் தேடிப் பூநாரை வரும், நெடுங்கால் உள்ளான் வரும். அதற்கும் அடுத்த நீர் சிவக்கும். டுனாலியெல்லா என்ற பாசியும், உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஏற்றும் சிவப்பு அது. நிறமேறிய தண்ணீர் வெயிலைக் கூடுதலாக வாங்கிச் சீக்கிரம் வற்றும். தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை என்றாலும், மீன் கடிக்காத நாட்களில் அந்த நிறத்தைப் பார்க்கவே போவோம்.

ருசியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இறாலின் பக்கம். மீனைப்போல் இறால் உப்பை முழுக்கத் தள்ளி நிற்பதில்லை. வெளியே கரிப்பு ஏறும்போது தன் தசைக்குள் கிளைசின் முதலிய அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொண்டு சமன் செய்கிறது. கிளைசின் இனிப்பானது. அதனால்தான் தெப்பத்து வெள்ளை இறால் ஓடையில் பிடித்ததைவிடத் தித்திக்கும். ஆச்சி அதற்குப் புளி ஊற்றமாட்டாள். சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். மடவைக்குப் புளியும் மல்லியும் அரைத்த தேங்காயும் வேண்டும், அதுவும் மறுநாள் காலைக் குழம்பாக இருந்தால் இன்னும் நல்லது. திலேப்பியாவைப் பொரிக்கலாம்.

ஐப்பசி மழையில் உப்புக் கரைந்து அளத்து வேலை நிற்கும். தெப்பத்தின்மேல் நல்ல தண்ணீர் ஓர் அடுக்காகத் தேங்கும். உமரிச் செடி மூழ்கும் அளவுக்கு வெள்ளம் ஏறினால் வரப்புகளை வெட்டி ஓடையில் விடுவார்கள். வளர்ந்த மடவை அந்த வழியே கடலுக்குப் போய்விடும். அதன் முட்டையிடும் இடம் கடல். திலேப்பியா போகாது. தை கழிந்து பம்பு மறுபடி ஓடத் தொடங்கும்போது, முதலில் தக்கையை இழுப்பது அதுதான்.