இயக்கத்தை விட்டு விலகுதலும் மனந்திரும்புதலும்: மூன்று நூல்கள் குறித்து

வன்முறை இயக்கங்களில் இளைஞர் ஏன் சேர்கின்றனர் என ஆராயும் நூல்கள் பல உள. சேர்ந்தோர் ஏன் விலகினர் என்பதை அவர்களே எழுதிய நூல்கள் சிலவே. ஈழப் போராட்டம் அத்தகைய நூல்கள் சிலவற்றைத் தமிழுக்கு அளித்துள்ளது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985), ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) ஆகிய புதினங்களையும், தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ (2016) என்னும் தன்வரலாற்றையும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். விலகி வருவோரை, தமஸ்குவின் வழியில் ஒளி கண்டு வீழ்ந்த சவுலாகவே காணப் பழகிய நமக்கு இந்நூல்கள் வேறொன்றைக் கற்பிக்கின்றன.

கோவிந்தன் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலிருந்து விலகியவர். அக்கழகத்தின் பயிற்சி முகாம்கள் தமிழகத்தில், தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டுப் பகுதியில் இயங்கின. ஐயத்திற்குரியோர் எனக் கருதப்பட்ட தோழர்கள் தம் இயக்கத்தினராலேயே வதைக்கப்பட்டதும் கொல்லப்பட்டதுமே அவருடைய புதினத்தின் பொருள். அரசியல் உரையாடல்கள் அளவுக்கு மீறி நீள்வது அதன் குறை எனலாம். ஆயினும் அதன் உண்மை கூர்மையானது. விடுதலை என்னும் கொள்கையில் நம்பிக்கை இழந்து அம்மாந்தர் விலகவில்லை. அக்கொள்கையை மெய்யாகவே நம்பியதால், அதன் பெயரால் நடந்தவற்றைப் பொறுக்க இயலாது விலகினர். அவர்களுடைய மனச்சான்றை இயக்கம் அழித்துவிடவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

ஷோபாசக்தி சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகி, பிரான்சு நாட்டில் குடியேறியவர். ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. இவ்வடிவம் வெறும் உத்தியன்று. விலகி வந்தவன் தன் வாழ்வை அலுவலகம் ஏற்கும் முறையில், அது கேட்கும் ஒழுங்கில் சொல்லியாக வேண்டும். அதில் அடங்காத துயரம் வெளியே நின்றுவிடும். நமது சாட்சிக் கூட்டங்களையும் இங்கு நினைத்துப் பார்ப்போமாக. இருள், ஒளி, கண்ணீர், அல்லேலூயா என்னும் வரிசையில் பேசுவோனையே நாமும் மகிழ்ச்சியோடு ஏற்கிறோம். பாதி நம்பிக்கையோடும் முழு அச்சத்தோடும் வருபவனுக்கு நமது ஒலிபெருக்கியின் முன் இடமில்லை.

தமிழினி 1991இல் புலிகள் இயக்கத்தில் இணைந்து, அதன் மகளிர் அரசியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். அவர் விலகவில்லை; 2009இல் இயக்கமே இல்லாமற் போயிற்று. 2015இல் அவர் இறந்தபின் வெளிவந்த நூலில், கட்டாய ஆட்சேர்ப்பு முதலியவற்றை வருத்தத்தோடு திறனாய்கிறார். அன்று ஏன் பேசவில்லை என்று வாசகர் கேட்பது நியாயமே. ஆனால் அன்று பேசியவருக்கு நேர்ந்ததையும் மறத்தலாகாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் ராஜினி திராணகம, தாம் ஒருகாலத்தில் ஆதரித்த புலிகளை விட்டு விலகி, எல்லாத் தரப்பினரின் வன்முறைகளையும் ‘முறிந்த பனை’ நூலில் பிறரோடு சேர்ந்து பதிவுசெய்தார்; 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மௌனம் அனைத்தும் உடன்பாடு அன்று.

வன்செயலைக் கைவிடுதல் வேறு, அதற்கு அடிப்படையான கருத்தைக் கைவிடுதல் வேறு என உளவியலறிஞர் ஜான் ஹோர்கன் பிரித்துக் காட்டியுள்ளார். ஒன்று மற்றொன்றைக் கட்டாயம் கொண்டுவருவதில்லை. இம்மூன்று நூல்களும் அதற்குச் சான்று. எனவே விலகுதலை மனந்திரும்புதல் என அவசரப்பட்டு அழைப்பதும், மனந்திரும்பினாலன்றி ஏற்கமாட்டோம் எனக் கதவடைப்பதும் ஒருங்கே தவறு.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் ஒளியைப் பிரசங்கிக்கிறோம். அதன்பின் வருவனவற்றை விட்டுவிடுகிறோம். அனனியா தயங்கினான். எருசலேமின் சீஷர்கள் சவுலை நம்பாமல் அஞ்சினர். அனனியா கைவைத்துச் சகோதரன் என அழைத்திராவிட்டால், பர்னபா அழைத்துச் சென்று பரிந்து பேசியிராவிட்டால், சவுல் எங்கே போயிருப்பான்? அனனியாவும் சவுலால் துன்புற இருந்த தரப்பினனே என்பது குறிப்பிடத்தக்கது. ஏற்றுக்கொள்ளுமாறு பாதிக்கப்பட்டோருக்குக் கட்டளையிடப் போதகருக்கு உரிமையில்லை. அவர்களுடைய அச்சத்தையும், கொல்லப்பட்டோரின் பெயர்களையும் முதலில் கேட்பதே அவருடைய கடமை.

இஃது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சபைகளுக்குத் தொலைவான செய்தியன்று. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரால் போக்குவரத்துக் கழகம் அமைந்ததையொட்டி மூண்ட சாதிக் கலவரம் இவ்வூர்ப் புறங்களையும் தீண்டிற்று. சாதியின் பெயரால் இளைஞரைத் திரட்டுவோர் இன்றும் உளர். அவர்களை விட்டு விலக நினைக்கும் இளைஞன் முதலில் இழப்பது நண்பரை, அடுத்து உறவினரை, சிலவேளை பெண் கொடுப்பாரையும் வேலை கொடுப்பாரையும். அவன் ஆலயத்தின் பின்வரிசையில் வந்து அமரும்போது, சாட்சி சொல்லும்படி கேளாமல் அவனருகே அமரக்கூடிய ஒருவர் வேண்டும். மொட்டமலை முகாமில் வாழும் இலங்கைத் தமிழரையும், போராளிகளோ என்னும் ஐயத்தோடன்றி, போருக்குத் தப்பி வந்த அயலாராக நாம் அறிதல் வேண்டும்.

இம்மூன்று நூல்களையும் நம் மாணவர்கள் ஒன்பதாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்பார்களாக. அடுத்தமுறை சவுலைக் குறித்துப் பிரசங்கிக்கையில் அனனியாவுக்கும் பர்னபாவுக்கும் பாதி நேரத்தையேனும் அளிப்பார்களாக.