தலைமேல் ஏந்திய காணிக்கைப் படம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மே, ஜூன் மாதங்கள் பட்டமளிப்பு விழாக்களின் காலம். நீண்ட அங்கி, சதுரத் தட்டு பொருத்திய தொப்பி, அதில் தொங்கும் குஞ்சம் என்று அனைவரும் ஒரே கோலத்தில் நிற்பது மரபு. 1895இல் அந்நாட்டுக் கல்லூரிகள் கூடி இக்கோலத்திற்கு விதியும் வகுத்தன. அந்த விதியின் உச்சியிலேயே இன்று வண்ணம் தீட்டுகின்றனர் மாணவர்கள். அவர்களுள், மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளான இலத்தீனோ இளையோரின் தொப்பிகள் தனித்து நிற்கின்றன. (இலத்தீனோ என்றதும் நம் பழைய வழிபாட்டு மொழியை நினைத்துவிட வேண்டாம்.) நெவாடாவைச் சேர்ந்த நாட்டாரியல் ஆய்வாளர் ஷீலா பாக், இத்தகைய தொப்பிகளைப் பற்றி 2023இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாமும் இவற்றைக் கலைப் படைப்புகளாகவே கொண்டு மதிப்பிட முயல்வோம்.

ஓர் அடிக்கும் குறைவான சதுரத்தில் எத்தனை செய்திகள்! காகித மலர்கள், செண்டுப்பூக்கள், தாய்நாட்டுக் கொடி, "என் பெற்றோருக்காக" என்ற இஸ்பானியச் சொற்கள். 1972இல் பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தில் டொலோரஸ் உவெர்த்தா எழுப்பிய "ஆம், முடியும்" என்ற முழக்கம் அடிக்கடி காணப்படுகிறது. மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியும் அப்படியே. கனடாவிலிருந்தும் வட அமெரிக்க வெளிகளிலிருந்தும் கடவுச்சீட்டு இன்றிப் பறந்து, இறந்தோர் நினைவு நாளையொட்டி அது மெக்சிகோவின் மிச்சோவகான் மலைக்காடுகளை அடைகிறது. குடியுரிமைத் தாள் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவு மூடப்படலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982இல்தான் என்பதை எண்ணினால், அந்தச் சிறகுகளின் பொருள் விளங்கும்.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது குவாதலூப்பே அன்னையின் திருவுருவம் தாங்கிய தொப்பிகளே. 1531இல் தெப்பேயாக் குன்றில் அன்னை காட்சி தந்தது ஹுவான் தியேகோ என்ற எளிய பழங்குடி மனிதருக்கு. 2002இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அடையாளம் கேட்ட ஆயர் சுமாராகாவோ கற்றறிந்தவர். மெக்சிகோவுக்கு அச்சுக்கூடம் வரக் காரணமாயிருந்தவர். அவர்முன் அந்த ஏழை தன் முரட்டு மேலாடையை விரித்தபோது மலர்கள் உதிர்ந்தன. திருவுருவம் துணியில் பதிந்திருந்தது என்பது மரபு. பட்டதாரியின் சதுரத் தொப்பி, குருக்கள் அணிந்த பிரெட்டாவின் வழிவந்தது என்பர். அன்று ஏழையின் ஆடையில் வந்து கற்றவர்முன் நின்ற அன்னை, இன்று கற்றவரின் தொப்பியிலேயே ஏழையின் பிள்ளையோடு வந்து நிற்கிறார்.

மெக்சிகோவில் தகரத் தகட்டில் வரையும் காணிக்கைப் படங்கள் உண்டு. மேலே புனிதர், நடுவே நேர்ந்த இடர், கீழே நன்றி மொழி. எல்லை கடந்து பிழைத்தோர் படைத்த இத்தகைய படங்களை ஜார்ஜ் துராந்தும் டக்ளஸ் மாசியும் 1995இல் ஒரு நூலில் ஆராய்ந்தனர். இத்தொப்பிகளை அவற்றின் பேரப்பிள்ளைகள் எனலாம். வேளாங்கண்ணியில் வெள்ளி உருவங்களைக் கண்டு பழகிய நமக்கு இந்த மொழி அந்நியமன்று.

இன்னொன்று. தொப்பியை அணிந்தவரால் அதன் மேற்புறத்தைக் காண இயலாது. பட்டதாரிகள் கீழே அமர, பெற்றோர் விளையாட்டரங்கின் உயர்ந்த படிவரிசைகளில் இருக்கின்றனர். ஆங்கிலத்தில் நிகழும் உரைகள் அவர்களுள் பலருக்கு எட்டா. மேலிருந்து நோக்கும் அந்தக் கண்களுக்கு, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் எழுதிய மடல் இது. அதனாற்றான் சில தொப்பிகளில் பழத்தோட்டக் கூடையும் துடைப்பமும் இடம்பெறுகின்றன.

குறையும் சொல்ல வேண்டும். கடையில் ஆயத்தமாக விற்கும் ஒட்டுப்படங்கள் வந்தபின், ஒரே வாசகம் பல தலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அன்னையின் உருவமும் சில இடங்களில் மினுக்குத் துகள்களுக்கு நடுவே வெறும் அலங்காரமாகிவிடுகிறது. பிழையான கையெழுத்தில் தந்தையின் தொழிலைக் குறித்த தொப்பியே நம் மதிப்பில் உயர்ந்தது.

எல்லா நிறுவனங்களும் இவற்றை ஏற்பதில்லை. 2023இல் கொலராடோவில் ஒரு பள்ளி, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய இரு நாட்டுக் கொடிகளும் பதிந்த தோள்பட்டையை ஒரு மாணவி அணிவதைத் தடுத்தது. நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஒன்றை அனுமதித்தால் பிறரைப் புண்படுத்தும் கொடிகளுக்கும் வழி திறக்கும் என்பது நிர்வாகத்தின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நன்றி கூறும் துணியையும் பகை வளர்க்கும் துணியையும் பிரித்தறிவது, கல்வி புகட்டும் ஓரிடத்திற்கு அத்துணை அரிதா என்பதே நம் கேள்வி.