மலர்களில் இல்லாத வளாகம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற, படித்து வெளியேறிய நமது பிள்ளைகள் அந்த வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர்கள் எழுதுவதை வாசிப்பது. மற்றது, லீவுக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் கதைப்பதைக் கேட்பது. இரண்டையும் பல வருடமாகச் செய்து வருகிறவள் என்ற வகையில் சொல்கிறேன்: இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியவை என்று நம்புவது கஷ்டம். எழுத்தில் இருப்பது கலஹா வீதியின் மரநிழலும் மகாவலியும் ஹந்தானைப் பனியும். பேச்சில் இருப்பது தண்ணி வராத விடுதி, பிந்திப்போன பரீட்சை, விளங்காத விரிவுரை, முதல் மூன்று மாதத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கணக்கு.

என் மேசையில் பதினொரு மலர்கள் கிடக்கின்றன. முஸ்லிம் மாணவர் அமைப்புகள் வெளியிட்ட ஆண்டு மலர்கள், பீடங்களின் பிரியாவிடை மலர்கள் என்று கலந்தவை. பழைய மாணவிகள் கொண்டுவந்து தந்தவை. எந்த மலரின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. குறை தனியொரு மலருக்கு உரியதன்று, அந்த வகைக்கே உரியது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். முதலில் ஆசிச்செய்திகள். ஒரு மலரில் அவை மட்டும் பதினான்கு. பிறகு ஆய்வுக் கட்டுரைகள் என்ற பெயரில் வகுப்பு ஒப்படைகள். பிறகு உம்மாவைப் பற்றியும் பலஸ்தீனைப் பற்றியும் ஹிஜாபைப் பற்றியும் கவிதைகள். கடைசியில் கடை விளம்பரங்களுக்கு முன்னால், 'நினைவலைகள்' அல்லது அதைப் போன்ற ஒரு தலைப்பில் வளாக வாழ்க்கை. நான் தேடிப் போவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

அங்கே வசந்தகாலம் இருக்கிறது, சிட்டுக்குருவிகள் இருக்கின்றன, சிறகடித்தல் இருக்கிறது. கண்ணீருடன் விடைபெறுதல் தவறாமல் இருக்கிறது. பேராதனை என்று இருந்த இடத்தில் வேறொரு வளாகத்தின் பெயரைப் போட்டு வாசித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நாலு வருடம் ஓரிடத்தில் உண்டு உறங்கிய ஒருவர் அந்த இடத்துக்கே உரிய ஒரு வாசலையோ ஒரு கன்டீன் மேசையையோ எழுதாமல் விடுவது எப்படி என்று யோசித்திருக்கிறேன். மொழிவளம் இல்லாததால் அல்ல. இந்தப் பிள்ளைகளில் பலர் தமிழைப் பாடமாக எடுத்தவர்கள். சொல் இருக்கிறது, அளவுக்கு மேலேயே இருக்கிறது. காரணம் வேறு. எழுதப்படும் வேளை பிரியாவிடை வேளை. தொகுப்பவர் சீனியர், அல்லது சீனியருக்கு வேண்டியவர். முதற்பக்கத்தில் பீடாதிபதியின் ஆசி. பின்னட்டையில் ஊர் ஹாஜியாரின் கடை. இத்தனை பேர் பார்த்திருக்க ஒரு பிள்ளை எதை எழுதும்?

பெரியவர்களின் இலக்கியமும் இவர்களுக்கு நல்ல முன்மாதிரியைக் கொடுக்கவில்லை. பேராதனைக்கும் ஈழத்துத் தமிழ் இலக்கியத்துக்குமான உறவு சாதாரணமானதன்று. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்த பின், கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை அங்குதான் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்கு ஏற்றினார். தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' இருந்தது. மாணவர் சிறுகதைகளைத் திரட்டிய 'கதைப்பூங்கா' வந்தது. ஆனால் இவ்வளவு பேரை உருவாக்கிய இடத்தைக் களமாக வைத்து எழுந்த தமிழ்ப் புனைகதை எவ்வளவு? செங்கை ஆழியானின் 'கங்கைக் கரையோரம்' உடனே நினைவுக்கு வரும். வாசிப்புச் சுவை உள்ள நாவல்தான். ஆனால் அங்கே வளாகம் காதலுக்குப் பின்திரை. சிங்களத்தில் சிறி குணசிங்கவின் 'ஹெவனெல்ல' 1960 இலேயே, கிராமத்திலிருந்து பேராதனைக்கு வந்த ஓர் இளைஞனை எடுத்துக்கொண்டு, அந்த இடம் அவனுடைய மனத்தை உள்ளே என்ன செய்தது என்று பார்த்தது. அப்படி உள்ளே பார்த்த ஒரு முஸ்லிம் எழுத்து நம்மிடம் இல்லை. நமது பிள்ளைகள் படித்த இடந்தான். விடுதிகளில் ஒன்றுக்கு உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.ரி. அக்பரின் பெயர்தான். அக்பர் விடுதிக்குப் போக ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் நின்று எடுத்த படங்கள் மலர்களில் ஏராளம். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்ட ஒரு பந்தியை நான் இன்னும் காணவில்லை.

எழுதப்படாமல் விடப்படுவது என்ன என்று ஒரு வசனமாவது சொல்ல வேண்டும் அல்லவா? முதலாவது பகிடிவதை. இதைப் பற்றி எழுத்தில் வருவது இரண்டே விதம். ஒன்று கண்டனக் கவிதை. அது பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியைப் பார்த்து எழுதியது, அனுபவத்தைப் பார்த்து எழுதியதல்ல. மற்றது நினைவலைகளில் வரும் சிரிப்பு: சீனியர் பாடச் சொன்னார்கள், பாடினோம், இன்று அவர்கள் எங்கள் காக்காமார். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். இலவசக் கல்வி வந்தது 1945 இல். இன்றைய அனுமதி முறையில் நூற்றுக்கு 40 பேர் அகில இலங்கைத் திறமையிலும் 55 பேர் மாவட்ட அடிப்படையிலும் 5 பேர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்படுகிறார்கள். எனவே கொழும்புப் பெரிய பாடசாலைப் பிள்ளையும், எங்களூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளியின் பிள்ளையும் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். உடுப்பு வேறு, கையிலிருக்கும் போன் வேறு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆங்கிலம் வேறு. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பகிடிவதை இந்த வித்தியாசத்தை முதல் மூன்று மாதத்தில் தட்டிச் சமப்படுத்துகிறது என்பதுதான் வாதம். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு, ஆங்கிலம் பேசத் தடை, எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர்.

கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் சமப்படுத்துபவர் எப்போதும் ஒரு வருடம் மூத்தவர், சமப்படுபவர் எப்போதும் புதியவர். நாலாம் மாதம் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தோடுதான் இருக்கிறது, தெரியாத பிள்ளை தெரியாமல்தான் இருக்கிறது. இடையில் அந்தப் பிள்ளை பழகக் கிடைத்த மூன்று மாதமும் போயிற்று. இதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. பேராதனையில் 1975 இல் ஒரு மாணவி விடுதி மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997 இல் பொறியியற் பீட மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் பிள்ளைகள் சொல்லும் கதை நின்றபாடில்லை. நமக்கு இன்னும் கசப்பானது, தமிழ் பேசும் புதியவர்களைத் தமிழ் பேசும் சீனியர்களே பொறுப்பெடுப்பது. ஸலாம் சொல்லிவிட்டுத் தொடங்குகிற பகிடிவதையைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பகல் முழுக்கக் குனிய வைத்தவர் மஃரிபுக்கு முன்சஃப்பில் நிற்பார். அதைப் பார்த்த பதினெட்டோ இருபதோ வயதுப் பிள்ளை தன் மார்க்கத்தைப் பற்றி என்ன நினைத்தது? ஒரு சிறுகதை அல்ல, ஒரு நாவலே எழுதலாம். பதினொரு மலரிலும் ஒரு வரி இல்லை.

பெண்பிள்ளைகளின் மௌனம் இதைவிடக் கனமானது. கலைப்பீடங்களில் இன்று பெண்களே பெருந்தொகை. நமது சமூகத்திலும் அப்படித்தான். ஆனால் மலர்களில் அவர்கள் எழுதுவது ஒழுக்கம், ஆடை, தாய்மை. எழுதுவது பிழையில்லை. பதினான்கு பேர் ஒரே குளியலறைக்கு முன்னால் வரிசையில் நின்று சுபஹைப் பிடிப்பதும், நோன்பு காலத்தில் சஹருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதும், தூரத்து பஸ்ஸில் தனியாக வந்ததை வாப்பாவிடம் சொல்லாமல் மறைப்பதும், முதல் மஹாபொலக் காசில் உம்மாவுக்கு என்ன வாங்கியது என்பதும் எழுதத் தகாதவை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? நாம்தான், பாடசாலையில். கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. வாழ்க்கை என்றால் அதில் ஒரு படிப்பினை. அதையே அவர்கள் வளாகத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஞ்ஞான பீட மாணவி 'குப்பி' பற்றி எழுதிய மூன்று பக்கம். குப்பி என்பது வளாகச் சொல். பரீட்சைக்கு முன் ஒரு மாணவர் மற்றவர்களைக் கூட்டிவைத்துப் படிப்பிப்பது. குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். சிங்களவருக்கும் நமக்கும் பொதுவான சொல். இந்தப் பிள்ளை உயர்தரத்தைத் தமிழில் செய்து, பீடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு, புள்ளிவிபரவியல் வகுப்பில் மூன்று கிழமையாக ஒன்றும் விளங்காமல் இருக்கிறாள். வீட்டுக்குப் போவோமா என்றும் யோசிக்கிறாள். ஓரிரவு விடுதியில் ஒரு சீனியர் ராத்தா பத்துப் பேரை இருத்திக் குப்பி நடத்துகிறார். பலகை இல்லை. பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறார். புரொபபிலிட்டி என்று எழுதி அதன் கீழே நிகழ்தகவு என்று எழுதுகிறார். வேரியன்ஸ் என்று எழுதி மாறற்றிறன் என்று எழுதுகிறார். மூன்று கிழமையாகத் தன்னைப் பயமுறுத்தியது, ஊரில் தான் நல்ல புள்ளி வாங்கிய அதே கணக்குத்தான் என்று அப்போது அவளுக்குத் தெரிகிறது. சந்தோஷப்படவில்லை, கோபம் வருகிறது. இதை விரிவுரையாளர் ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாமே என்ற கோபம். அந்தக் கோபத்தை எழுதியிருப்பதுதான் இந்தக் கட்டுரையின் பலம்.

பிறகு ஒரு நல்ல இடம் வருகிறது. குப்பி நோட்டு அவளுக்குக் கைமாறுகிறது. நாலு பெட்ச்சின் கையெழுத்து அதில் இருக்கிறது. முதற்கையெழுத்துக்காரி யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாமவர் தமிழ்ப் பிள்ளை என்று எழுத்தை வைத்து ஊகிக்கிறார்கள். ஓர் ஓரத்தில் யாரோ தன் ஊருக்குப் போகும் பஸ் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பகிடிவதை செய்யும் என்று சொல்லப்படும் சமத்துவத்தை இந்த நோட்டு சத்தமில்லாமல் செய்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் எழுதியவள் அப்படிச் சொல்லவில்லை. நோட்டை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். இதுதான் எழுத்து.

ஒரேயொரு குறை, கடைசிப் பந்தி. அங்கே திடீரென்று பாடசாலைக் கட்டுரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்வி ஓர் ஒளிவிளக்கு, நாமும் பிறருக்கு விளக்காவோம், இன்ஷா அல்லாஹ் என்று முடிகிறது. குப்பி விளக்கை வைத்து இந்த உவமையைச் சொல்லாமல் விடுவது கஷ்டந்தான். ஆனாலும் விட்டிருக்க வேண்டும். தொகுப்பாளர் சேர்த்ததாகவும் இருக்கலாம். நடை கொஞ்சம் மாறுகிறது.

இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த எழுத்துகளை வாசிப்பவர்கள் பழைய மாணவர்கள் மட்டுமல்ல. உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விருப்ப ஒழுங்கை நிரப்பி அனுப்ப வேண்டும். எதை முதலில் போடுவது? ஒலுவிலா, வந்தாறுமூலையா, பேராதனையா? இசட் புள்ளி ஒரு பக்கம். வாப்பாவும் உம்மாவும் கேட்பது வேறு. "அங்க எப்பிடி இரிக்கும் டீச்சர், பொம்பிளப் புள்ளய விடலாமா?" வீட்டில் கிடக்கும் மலரைப் புரட்டினால் சொர்க்கம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதைக் கேட்டால் நரகம். இரண்டையும் கேட்ட தாய் பயத்தின் பக்கந்தான் சாய்வாள். அவளில் பிழையில்லை. இடம் கிடைத்தும் போகாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். போய், ஒரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து, ஏன் வந்தேன் என்று இன்றுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லாத ஒரு பிள்ளையையும் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அவளுக்கு முன்னால் போனவர்கள் உள்ளதை எழுதி வைத்திருந்தால், எந்த மாதம் கஷ்டம், யாரிடம் முறையிடலாம், எந்த ராத்தா குப்பி எடுப்பார் என்று தெரிந்துகொண்டாவது போயிருப்பாள்.

இந்த வருடம் என் உயர்தர வகுப்புக்கு அந்தக் குப்பிக் கட்டுரையைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், கடைசிப் பந்தியை மடித்து மறைத்துவிட்டு. வாசித்து முடித்த ஒரு பிள்ளை எழுந்து, உவமை பற்றியோ நடை பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "இத எழுதின ராத்தாட நம்பர் எடுக்கேலுமா டீச்சர்?" என்றுதான் கேட்டது.