லூ வீசட்டும், மாவு பொங்கட்டும்!

சொன்னா சிரிப்பீங்க, நான் ஒரு பானையின் ரசிகன். நடிகருக்கு விசில் அடிக்கிறவன் உண்டு, கிரிக்கெட்டருக்குப் பால் ஊத்துறவன் உண்டு. மண்பானையைப் பார்த்துக் கைதட்டுன ஆள் இந்த டெல்லியில நான் ஒருத்தனாத்தான் இருக்கணும். அதுவும் எப்பேர்ப்பட்ட பானை! ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரமா இருந்த மதராசி கேம்ப்ங்கிற தமிழர் குடிசைப் பகுதியில், விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருத்தர் வீட்டு வாசல்ல, ஈரக் கோணியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்த மகராசி. அவ வயித்துக்குள்ள இட்லி மாவு. மே மாச டெல்லியில, புளிச்சு நாறாம, விடியற வரைக்கும் நிதானமா உப்பி வந்த மாவு!

டெல்லி வெயில்ல மாவு கரைச்சு வெச்சுக் கண்கலங்குனவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். ஊர்ல ராத்திரி கரைச்சா காலையில பொங்கியிருக்கும். இங்கே சாயங்காலம் கரைச்சா, சாப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள நுரை, படுக்கப் போறதுக்குள்ள புளிப்பு, விடிஞ்சா வாடையே வேற. 2024 மே 29 அன்னிக்கு சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி! மாவை உப்ப வைக்கிற லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா உளுந்தோடவே வந்து சேருது. அதுக்கு 20-லிருந்து 30 டிகிரி இருந்தாத்தான் சுகம். சூடு ஏறுச்சுன்னா மத்த அமில ஆசாமிங்க முந்திக்கிட்டு ஓடுவாங்க, உப்பல் குறையும், புளிப்பு ஏறும். ஃப்ரிட்ஜில வைக்கலாமேன்னு கேட்பீங்க. அங்கே நாலஞ்சு டிகிரியில எல்லாமே தூங்கிடும். போதாக்குறைக்குக் கரண்ட்டும் போகும்.

இப்போ கண்ணை மூடிக் கற்பனை பண்ணுங்க. மத்தியானம் ரெண்டு மணி. ஒரு ஆள் நடக்கிற சந்து, ரெண்டு பக்கமும் செங்கல் வீடு, லூன்னு இங்கே சொல்ற வறண்ட அனல் காத்து அடுப்பு வாயைத் திறந்த மாதிரி மூஞ்சியில அறையுது. வாசல்ல அகலமான ஒரு பானை, உள்ளே சின்னப் பானை, நடுவுல நாலு விரல் இடைவெளியில கழுவின ஆத்து மணல். மணல்ல தண்ணி ஊத்தி ஊத்தி ஊறப் போட்டிருக்கு. சின்னப் பானைக்குள்ள மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, அதுலதான் மாவு. மேலே நனைச்ச கோணி. அக்கா ஒரு சொம்புத் தண்ணியை மணல்ல சுத்தி விட்டாங்க பாருங்க, சொர்ர்ர்னு உறிஞ்சுது, ஈர மண் வாசனை குப்புனு எழும்புச்சு, நான் அப்படியே குந்திட்டேன், பானை வெளிச்சுவத்துல கையை வெச்சேன், வெச்ச கையை எடுக்க மனசு வரல, அப்பறம் கன்னத்தையே வெச்சேன், ஆமாங்க, நாப்பது வயசு மனுஷன், நடுச்சந்துல, பானைமேல கன்னம்! "இன்னா தம்பி, அதுக்கு முத்தம் குடுப்ப போலக்கீதே"ன்னு அக்கா சிரிக்கிறாங்க. எனக்கு வெக்கமாவது, மண்ணாவது! தெர்மாமீட்டரை எடுத்தேன். வெளியே நிழல்லயே 44. தூக்குக்குள்ள விட்டா 27. இருபத்தேழு! கரண்ட் இல்ல, ஐஸ் இல்ல, ரெண்டு பானையும் மணலும் தண்ணியும்தான்!

இதுல என்னைக் கிறுக்காக்குற சங்கதி எது தெரியுமா? பானையைக் குளிர வைக்கிறதே நாம திட்டித் தீர்க்கிற அந்த லூதான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிப் போறப்போ கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டைப் பிடுங்கிக்கிட்டுப் போகுது. காத்து எவ்வளவு காய்ஞ்சு கிடக்கோ அவ்வளவு வேகமா ஆவியாகும். 42 டிகிரி வெயில், காத்துல ஈரப்பதம் 15 சதவீதம்னா, ஈரமான ஒரு பொருள் சுமார் 22 டிகிரி வரைக்கும் இறங்கலாம். அதனாலதான் அக்கா பானையை ரூம் கூலர் முன்னாடி வைக்கல, அந்தக் காத்து ஏற்கெனவே ஈரம். வாசல் நிழல்ல, சந்துக் காத்து நேரா அடிக்கிற இடத்துல வெச்சாங்க. எந்தக் காலேஜும் சொல்லிக் குடுக்கல! இதே பானைக்குள் பானையை நைஜீரியாவுல முகம்மது பா அப்பாங்கிற ஆசிரியர் காய்கறி கெடாம இருக்க ஊர் ஊராப் பரப்பினாரு, 2000-இல் ரோலெக்ஸ் விருதே குடுத்தாங்க. வெளிநாட்டுல வீட்டுலயே பியர் காய்ச்சுறவங்களுக்கும் இதே தலைவலி. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18-லிருந்து 22 டிகிரி வேணும். அவங்க பியர் ஜாடியைத் தண்ணித் தொட்டியில உட்கார வெச்சு, பழைய டி-ஷர்ட்டை நனைச்சு மாட்டி, ஃபேனைத் திருப்பி விடுறாங்க. படிச்சதும் எனக்கு ஒரே குஷி: அட, நம்ம அக்கா கட்சி!

மறுநாள் காலையில அந்த மாவுல சுட்ட இட்லியைப் பத்தி என்னைப் பேச விடாதீங்க. விட்டா சாயங்காலம் ஆயிடும். விரலால அமுக்கினா உள்ளே போயி மறுபடி எழுந்து வருது, புளிப்பு நாக்கு நுனியில தொட்டும் தொடாம, எத்தனை தின்னேன்னு அக்காவே எண்ணுறதை விட்டுட்டாங்க.

அந்தச் சந்து இன்னிக்கு இல்ல. 2025 ஜூன் 1-ஆம் தேதி கோர்ட் உத்தரவுன்னு கேம்பை இடிச்சுட்டாங்க. பலருக்கு எங்கேயோ நரேலாவுல வீடு, மத்தவங்களுக்கு அதுவும் இல்ல. அதை நினைச்சா வயிறு எரியுது. ஆனா அந்த வித்தையை எந்த புல்டோசரும் தொட முடியாது. அது கேம்ப்க்காரங்க கையில இருக்கு, இப்போ என் பால்கனியிலயும் இருக்கு!

ஜூலையில மழைக்காத்து வந்தா பானை கொஞ்சம் மந்தமாகும்தான். ஆகட்டுமே, ஐஸ் பாட்டில் ஒண்ணைப் பக்கத்துல போட்டா தீர்ந்தது. நீங்க வாங்கும்போது பளபளப்புப் பூச்சு இல்லாத வெறும் மண் நிறப் பானையாப் பார்த்து, ஜங்புரா பக்கத்து போகல் பஜார்ல வாங்குங்க. உப்புத் தண்ணியில வெள்ளையாப் பூத்துச்சுன்னா தேங்காய் நாரால தேயுங்க, இல்லேன்னா துளை அடைச்சுக்கும். ஏப்ரல் கடைசியிலயே வாங்கி ஊறப் போட்டுடுங்க. முதல் ஈடு இட்லி இறக்கறப்போ எனக்கு ஒரு போன் போடுங்க, சட்னியை அரைச்சு எடுத்துக்கிட்டு நானே வந்துடறேன்!