ஒரு பொத்தானின் புண்ணியம்

நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால், அதன் முன்னால் காற்றில் சும்மா சுழலும் புரொப்பெல்லர்தான் பெரிய எதிரி. வேகத்தைத் தின்னும், விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அதற்கு மருந்து, லிபரேட்டர் என்ற அத்தகைய குண்டுவீச்சு விமானத்தில் விமானியின் கைக்கெட்டும் ஒரு பொத்தான். அழுத்தினால் மின்பம்பு எண்ணெயை ஏற்றும். புரொப்பெல்லரின் அலகுகள் திரும்பி, கத்திபோல் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். மற்ற மூன்று எஞ்சின்களுக்கு விசை கூட்டி, சுக்கானைச் சரிசெய்து, தேவைப்பட்டால் பாரத்தை உதிர்த்துத் தளம் திரும்புவார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர்களை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூருக்குப் பறக்கவைத்தே கொண்டுவந்து சீராக்கியது. 1948 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அவை நம் விமானப்படையில் பறந்தன. அந்தப் பொத்தானைப்போல, எஞ்சின் பழுதாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வழிசெய்து வைப்பதே நல்ல பொறியியல்.